பூஜ்யம் வரவேண்டிய எண்

அந்த எண்ணை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டை இரண்டால் பெருக்கி, வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கி, இப்படியே எட்டுக் கோடி முறைக்கு மேல் பெருக்கிக்கொண்டு போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கிற எண் அது. எழுதினால் இரண்டு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வரும். பக்கத்துக்கு இரண்டாயிரம் இலக்கம் என்று நெருக்கி அச்சடித்தாலும் பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட எண் கண்டனூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், என் அறையில், ஒரு பழைய கணினிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் குடியிருந்தது. வாடகை கேட்கவில்லை, சாப்பாடும் கேட்கவில்லை. மின்சாரம் மட்டும் நிற்காமல் வேண்டும் என்றது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது பகா எண்ணா, இல்லையா?

கணக்கு என்றாலே எழுந்து ஓடுகிறவர்கள் இதற்கு ஓட வேண்டாம். பந்திக்குப் பன்னிரண்டு பேர் வந்தால் மூன்று மூன்றாக உட்காரவைக்கலாம், நாலு நாலாகவும் உட்காரவைக்கலாம். பதின்மூன்று பேர் வந்தால் எப்படிப் பிரித்தாலும் வரிசை சரியாக வராது, யாராவது மிஞ்சி நிற்பார்கள். அப்படி எதனாலும் பிரிபடாத எண்தான் பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. சின்ன எண் என்றால் விரலை மடக்கிச் சொல்லிவிடலாம். இரண்டு கோடி இலக்கம் என்றால் உலகத்தின் விரல்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது.

காரைக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன், அதில் ஒன்றிரண்டு உண்மையாகவும் இருக்கலாம். பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பங்காளி மகனைச் சுவீகாரம் எடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம். அப்பச்சி, என் அப்பா, மறுத்துவிட்டார். “எனக்கு மக இருக்கா, போதும்” என்று சொன்னார். அதனால் வீட்டில் அவருடைய பங்கு, இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும், எனக்கு வந்தது. மிச்சப் பங்குகாரர்கள் எல்லாம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கடல் தாண்டியும் இருந்தார்கள். கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்றால்தான் பூட்டுகள் திறக்கும். மற்ற நாட்களில் அத்தனை பெரிய வீட்டில் நானும், முகப்பில் காது மந்தமான ஒரு காவல்காரரும். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். எனக்குக் கிடைத்தது யானை வளை. அதில் தனியாக இருப்பது அப்படியொன்றும் சுகமில்லை.

எங்கள் ஆட்களின் கணக்கு ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கல்யாணமான ஒருவனும் அவன் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோவில் காரியம், ஊர்ப் பொது, கல்யாண அழைப்பு, பலகாரம் பகிர்வது, எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாதவர்கள் எத்தனை நரைத்தாலும் பெற்றோர் புள்ளிக்குள் அடக்கம். அப்பச்சி போனதும் எங்கள் புள்ளி அரையானது. ஆத்தாவும் போனதும் அந்த அரையும் இல்லை. அதற்குள் அடங்கியிருந்த நான் எங்கே போனேன் என்று யாரும் யோசிக்கவில்லை. கோவில் திருப்பணிக்காக வீடு வீடாகப் புள்ளி எழுத வந்தவரிடம் ஒருமுறை கேட்டேன், என்னை எங்கே எழுதுவீர்கள் என்று. நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார்.

“ஆச்சி, நீங்க அப்பச்சி புள்ளியில இருந்தீக. இப்ப அந்தப் புள்ளி இல்லயே. எழுத எடமில்ல. ஆனா சாப்பாட்டுக்கு அவசியம் வந்துருங்க.”

ஒப்புக்குச் சப்பாணியாகக்கூட ஆட்டத்தில் சேர்க்கவில்லை, சாப்பாடு மட்டும் உண்டு. அவரிடம் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சி ஒன்று இருப்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். உலகம் முழுக்க வீட்டில் கணினி வைத்திருக்கிறவர்கள் அதில் சேரலாம். ஆளுக்கொரு எண் தருவார்கள். நம் கணினி அதைச் சோதித்து விடை அனுப்பவேண்டும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். பத்தாயிரத்தில் ஒன்றாகக்கூட ‘ஆம்’ வராது. வந்துவிட்டால் மட்டும், கண்டுபிடித்தவர் பெயர் அந்த எண்ணோடு நிரந்தரமாக நிற்கும். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் பெயருக்காகத்தான் சேர்ந்தேன். ஊர்க் கணக்கில் எனக்கு இடமில்லை. எண்களின் கணக்கிலாவது ஒரு மூலையில் என் பெயர் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கணித ஆர்வம் என்று கல்லூரியில் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு விழுந்த எண்ணைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். பார்க்காமலே ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வது போலத்தான். அதன் கடைசி இலக்கம் ஏழு. இதை ஒரு துண்டுத் தாளில் போட்டே கண்டுபிடிக்கலாம், எத்தனை இரண்டுகளைப் பெருக்கினோம் என்கிற அடுக்கை நாலால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். ஒன்றையும் பூஜ்யத்தையும் மட்டும் வைத்து எழுதும் கணினியின் வழக்கப்படி எழுதினால் அதில் பூஜ்யமே கிடையாது, முதலிலிருந்து கடைசிவரை ஒன்று, ஒன்று, ஒன்று. நாலால் வகுத்தால் மூன்று மிஞ்சும். ஆகவே எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் அது வராது. அதற்கு வகுஎண் என்று ஒன்று இருந்தால், அந்த வகுஎண் பதினாறு கோடிக்கு மேல்தான் இருக்கமுடியும். சின்ன ஆட்கள் யாரும் அதன் வாசல்படியை மிதிக்க முடியாது. எனக்கு அந்த எண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

இந்த வகை எண்களை வகுப்பில் நடத்துவது வேடிக்கையாக இருக்கும். இரண்டின் அடுக்காக 2, 3, 5, 7 என்று பகா எண்களாகப் போட்டு ஒன்றைக் கழித்தால் 3, 7, 31, 127 வரும். எல்லாமே பகா எண்கள். மாணவிகளுக்கு உற்சாகம் வந்துவிடும். அடுத்து 11 போடச் சொல்வேன். 2047 வரும். “இதுவும் பகா எண்ணுதான் மேடம்” என்று வகுப்பே கத்தும். இருபத்து மூன்றை எண்பத்தொன்பதால் பெருக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பிக்கொள்வேன். சற்று நேரத்தில் பின்னால் சத்தம் அடங்கும். அந்த அமைதியை ஒவ்வொரு வருடமும் ரசித்தேன். என் எண்ணும் அப்படி என்னை ஏமாற்றக்கூடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

சோதிக்கும் முறை நூறு வருடத்துக்கு முந்தையது, பார்க்கப் போனால் பள்ளிக்கூடக் கணக்கு. நாலில் தொடங்கவேண்டும். அதன் வர்க்கத்தை எடுத்து இரண்டைக் கழிக்கவேண்டும். வந்ததை நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளவேண்டும். மறுபடி வர்க்கம், மறுபடி இரண்டு கழிப்பது, மறுபடி மீதி. 31ஐச் சோதித்தால் நாலு, பதினாலு, எட்டு என்று போய் மூன்றாம் அடியிலேயே பூஜ்யம் வந்துவிடும். பூஜ்யம் வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை. என் எண்ணுக்கு இதே வேலையை எட்டுக் கோடி முறைக்கு மேல் செய்யவேண்டும். நடுவில் ஒரு இடத்தில் ஒரு இலக்கம் பிசகினாலும் அதன் பிறகு வருவது எல்லாம் குப்பை. கடைசியில் வரும் பூஜ்யத்தை அந்தப் பிசகு தின்றுவிடும், தின்றதற்குத் தடயமும் இருக்காது.

கணினியின் விசிறிச் சத்தம் நாள் முழுக்க அறையில் இருக்கும். கல்லூரி விட்டு வந்து கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். திரையில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவேன். “வந்துட்டேன்” என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். பிறகு வெட்கமாக இருந்தது.

எழுபது விழுக்காடு தாண்டியபோது வீட்டில் கல்யாணம் வந்தது. என் சித்தப்பா மகன், எனக்கு மூத்தவர், அவருடைய ஒரே மகளுக்கு. அவரும் அண்ணியும் சென்னையிலிருந்து முன்கூட்டியே வந்து பூட்டுகளைத் திறந்தார்கள். அண்ணி கலகலப்பானவர். வாய்க்கு வந்ததைச் சொல்வார், சொன்னதை அங்கேயே மறந்துவிடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அந்தக் குடும்பத்தில் என் அறைக்குள் தானாக வந்து கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

“என்னத்தா, பொட்டிக்குள்ள ஏதோ மாவு அரைக்குற மாதிரி சத்தம் கேக்குது?” என்றார்.

சொன்னேன். நாலிலிருந்து தொடங்கிச் சொன்னேன். கழுதைக்கு உபதேசம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், ஆனால் அவர் கவனமாகக் கேட்டார்.

“கடைசியில பூஜ்யம் வந்தாத்தான் நல்லதா?”

“ஆமா அண்ணி.”

“ஒலகத்துல எல்லாரும் பூஜ்யம் வந்துறக் கூடாதேன்னு சாமி கும்பிடுறாக. நீ ஒருத்திதான் வரணும்னு கும்புடுற.” சிரித்துவிட்டு எழுந்தவர், வாசல்படியில் நின்று திரும்பினார். “வரும்த்தா. வந்தா எனக்கு மொதல்ல சொல்லு.”

அவ்வளவு நாளில் அந்த எண்ணைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

கல்யாணத்துக்கு எனக்குக் கொடுத்த வேலை, வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது. புள்ளிக்கு ஒரு அறை, இல்லாவிட்டால் இரண்டு புள்ளிக்கு ஒரு அறை. வீட்டின் மூலை முடுக்கெல்லாம் எனக்குத்தானே தெரியும். பெண்ணுக்கு வைக்கிற சாமான்களைப் பரப்ப ஒரு கட்டே போய்விட்டது, மீதியில் எல்லோரையும் அடைக்கவேண்டும். என் அறையை மட்டும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். குழந்தைகள் உள்ளே போய் எதையாவது அமுக்கிவிட்டால் என்ன செய்வது? நான் மேல்மாடிக் கூடத்தில் மற்றப் பெண்களோடு படுத்துக்கொண்டேன். கல்யாண நாட்களில் அறைப் பக்கமே போக முடியவில்லை. மேளச் சத்தத்தில் கணினி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஒன்றும் கேட்காது.

எல்லாம் முடிந்து பெண்ணை அனுப்பிவைத்த அன்று பகலில் அறையைத் திறந்தேன். சத்தம் இல்லை. திரை கருப்பாக இருந்தது. மின்சாரம் போனால் தாங்குவதற்கு வைத்திருந்த பேட்டரிப் பெட்டியும் செத்துக்கிடந்தது. கூரை விசிறியின் சுவிட்சைப் போட்டேன், சுற்றவில்லை. பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது.

எங்கள் வீட்டில் பங்குக்கு ஒரு மீட்டர். வாசல் ஓரத்துப் பெட்டியில் வரிசையாக இருக்கும். போய்ப் பார்த்தேன். அப்பச்சி பெயரில் இருந்த மீட்டரில் பியூஸைப் பிடுங்கி, அங்கிருந்து ஒயர் இழுத்து முகப்பு அலங்கார விளக்குகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அமராவதிபுதூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அப்போதுதான் அந்த விளக்குகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“யாரக் கேட்டு இதப் பிடுங்குனீக?”

பயந்துவிட்டார். “லோடு பத்தலைங்க ஆச்சி. ஒரு மீட்டர் தனியா வேணும்னேன். எந்த ரூமுல ஆளில்லன்னு கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.”

“ஆளில்லன்னு யாரு சொன்னது?”

அவர் கையைக் காட்டினார். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து மிச்சப் பலகாரத்தைப் புள்ளிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். மாணவிகளுக்கு அது தெரியும். அண்ணியின் முன்னால் போய் நின்று கேட்டேன், என் அறையில் ஆளில்லை என்று சொன்னீர்களா என்று. முறுக்கைக் கையில் பிடித்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“ஆளில்லன்னா சொன்னேன்? அங்குட்டுப் புள்ளி யாரும் இல்லப்பான்னு சொன்னேன். வெள்ளென, சம்பந்தி வாசல்ல நிக்கிறாக, இவரு வந்து எந்த ரூமு எந்த ரூமுன்னு கேக்குறாரு, வாயில வந்துருச்சுத்தா...”

“கணினி ஓடுதுன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். அப்ப நெனப்பு வரல.”

அதுதான் என்னை அறுத்தது. பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புள்ளி இல்லாத அறை என்று கேட்டதும் எங்கள் வீட்டில் யார் வாயிலும் தானாக வருவது என் அறைதான். அதற்கு யோசிக்கவே வேண்டாம். அதில் நான் இருப்பது ஞாபகம் வரத்தான் யோசிக்கவேண்டும். அன்றைக்கு ஊர்ப்பட்ட கூட்டம் நடுவில் நின்று நான் சொன்னது இவ்வளவுதான்: “நான் இருக்கேன் அண்ணி. இந்த வீட்டுல வருசம் பூரா இருக்குறது நான் ஒருத்திதான்.” அவர் எழுந்து என் கையைப் பிடிக்க வந்தார். நான் விலகி அறைக்குப் போய்விட்டேன். அவர் எனக்கென்று பிரித்துக் கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பியூஸைப் போட்டதும் கணினி எழுந்தது. அந்த நிரல் அவ்வப்போது தன் வேலையைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தது. ஆனால் சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிருந்தால்? ஒரு இலக்கம், ஒரே ஒரு இலக்கம் புரண்டிருந்தால்? எனக்குத் தெரிய வழியில்லை. மறுபடி விசிறிச் சத்தம் கேட்டது. விருந்தினர் எல்லாம் போய், பூட்டுகள் விழுந்து, அந்தச் சத்தம் மட்டும் மிஞ்சியது. இந்தமுறை அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் நூறு விழுக்காடு முடிந்தது. பூஜ்யம் வரவில்லை. மிஞ்சியது ஒரு மாபெரும் மீதி. அதன் வால் பகுதியைப் பதினாறு எழுத்துகளாக, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, திரை காட்டியது. அதன் பொருள் என்னவென்றால், உன் எண் பகா எண் அல்ல, அதற்கு வகுஎண்கள் உண்டு, அவை எவை என்று எனக்குத் தெரியாது. இதுவும் இந்தச் சோதனையின் குணம்தான். தனி இல்லை என்று அடித்துச் சொல்லும், யாரோடு சேர்ந்தது என்று சொல்லாது.

நான் நம்பவில்லை. பகா எண்ணாகத்தான் இருந்திருக்கும், மின்சாரம் போனதில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? நானே நடத்துகிற கணக்குதான். ஆனாலும் மனசு ஒரேயடியாகச் சொன்னது, அது வரவேண்டிய பூஜ்யம், கல்யாண விளக்குக்குப் போய்விட்டது என்று. மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்திருக்கலாம். அந்தக் கோடையில் கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோனது உண்மை. வேறு வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மை. வாங்கினேன், ஆனால் அந்த எண்ணை மட்டும் அதில் போடவில்லை. மறுபடியும் பூஜ்யம் வராவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று பயமாக இருந்தது.

வருடங்கள் போயின. அண்ணன் இறந்தார். சென்னைக்குப் போய்த் துக்கம் கேட்டேன். அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார், எதிரில் நான். வழக்கப்படி வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவதற்கு அன்று எல்லோருக்கும் அனுமதி உண்டு. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பிறகு அவரை மகள் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனாள். அங்கே அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், மாணவிகள் அழுதார்கள், அடுத்த வாரம் தொலைபேசி அடிப்பது நின்றது. வீட்டில் பேச ஆளில்லாத நாளில் குரல் கட்டிக்கொள்ளும். காவல்காரரிடம் காய்க்காரர் வந்தாரா என்று கேட்கும்போதுதான் அது தெரியும். அப்போதெல்லாம் அந்த எண்ணையும் அண்ணியையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன். நினைத்தால் கோபம் வரும். கோபம் வந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

சமீபத்தில் ஒரு காலை, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த முயற்சியின் இணையப் பக்கத்தில் என் பழைய விடைகளைப் பார்த்தேன். வழக்கமாகப் பார்ப்பதுதான். என் எண்ணின் பக்கத்தில் நிலவரம் மாறியிருந்தது. சரிபார்க்கப்பட்டது என்று போட்டிருந்தது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மட்டும் அனுப்பிய விடையை முடிந்த விடையாக ஏற்கமாட்டார்கள். வேறொருவர், வேறொரு கணினியில், அதே வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்யவேண்டும். இரண்டு மீதியும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். ஒற்றை ஆளுக்கு மதிப்பில்லை என்பது கண்டனூர்ச் சட்டம் மட்டும் இல்லை போல. வரிசை நீளம் என்பதால் அந்த இரண்டாம் ஆள் வர வருடக்கணக்கில் ஆகும். எனக்கு அந்த ஆள் இப்போதுதான் வந்திருக்கிறார். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. புனைபெயர் ஒன்று மட்டும் இருந்தது, அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

பதினாறு எழுத்துகளையும் விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அச்சு அசலாக அதே. எங்கும் ஒன்றும் புரளவில்லை. மின்சாரம் போனதில் ஒன்றும் கெடவில்லை. அது பகா எண் இல்லை, ஒருநாளும் பகா எண்ணாக இருந்ததில்லை. நான் அந்த அறையைப் பூட்டாமல், கல்யாணமே நடக்காமல், பியூஸ் இருந்த இடத்திலேயே இருந்திருந்தாலும் பூஜ்யம் வந்திருக்காது.

காபி ஆறிவிட்டது. அத்தனை வருடத்துக்கு முன்பு செய்த வேலை சரி என்று வந்திருக்கிறது, சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கோ வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. கைபேசியை எடுத்துப் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். பழைய சக ஆசிரியைகளுக்குச் சொன்னால் “அப்படியா, நல்லது” என்பார்கள். மாணவிகளுக்கு முதலிலிருந்து விளக்கவேண்டும். அந்த எண் என்று சொன்னால் எந்த எண் என்று கேட்காத ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

அண்ணியின் சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணை அவர் மகளிடம் கேட்டு வாங்கி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார். குரல் இளைத்திருந்தது.

“யாரு?”

“நான்தான் அண்ணி. கண்டனூர்லேருந்து.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அதை அவர் அணைத்தார்.

“சொல்லுத்தா.”

நலமா என்று கேட்டிருக்கவேண்டும். எனக்கு அது வரவில்லை. “அந்த நம்பரு அண்ணி” என்று மட்டும் சொன்னேன்.

“கரண்டு போச்சே, அதா?” என்றார் உடனே. “தெனமும் நெனப்பேன். இங்க மகளும் மருமகனும் வேலைக்குப் போயிட்டா பொழுதுக்கும் நான் ஒருத்திதான. நெனக்கிறதுக்கு என்ன கொறச்சல். நாந்தான கெடுத்தேன்.”

“நீங்க கெடுக்கல. இன்னொருத்தரு மொதல்லேருந்து போட்டுப் பாத்துட்டாக. அதே விடைதான். கரண்டு போகாட்டியும் இதுதான் வந்துருக்கும்.”

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன். இனிப் பேச ஒன்றுமில்லை, வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

“அப்ப பூஜ்யம் வரவே வராதா?” என்றார்.

“வராது அண்ணி.”

“ஒனக்கு வருத்தமா இருக்காத்தா?”

என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. அந்த எண்ணைப் பற்றி என்றில்லை, எதைப் பற்றியுமே கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இருக்கு அண்ணி” என்றேன். “ரொம்ப இருக்கு.”

“சொல்லுத்தா” என்றார். போனை வைக்கவில்லை.